ரிலீவர் வராத ஷிப்ட்

அன்று காலை ஐந்து மணிக்கு என் போன் அடிக்கவில்லை. அருள்தாஸ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வந்த விதம் அதுதான். மற்றவர்களுக்கெல்லாம் போன் அடித்து வந்த செய்தி, எனக்கு மட்டும் போன் அடிக்காமல் வந்தது.

ஜோயலை வலது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு முடித்திருந்தேன். அடுப்பில் பால் இருந்தது. பக்கத்துத் தெரு மசூதியில் பாங்கு சொல்லி முடித்தார்கள். வழக்கமாக அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அண்ணனின் போன் வந்துவிடும். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான் ஆனது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, அந்த மூச்சு வாங்கும் நெஞ்சோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினார். "என் டைம் முடிஞ்சிச்சிம்மா. நீ ஆரம்பி" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய் காபி குடிக்கக்கூட நிற்காமல் திரும்பிப் போனார். அதனால் இந்தத் தடவையும் காதை ஜன்னலிலேயே வைத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கடைசியில் நானே போன் செய்தேன். அவர் மனைவி லில்லி அக்காதான் எடுத்தார்.

"வசந்தா... அவரு போய்ட்டாருடி."

ஐயோ என்று கத்தவில்லை நான். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "முடிச்சிட்டாராக்கா?" புருஷன் செத்து முழுசாகப் பத்து நிமிடம்கூட ஆகாத ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குப் புரிந்தது. "தெரியலடி" என்றார். "சட்டை போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. நான் தண்ணி புடிக்கப் போனேன். வந்து பாத்தா செவுத்துல சாஞ்சிருக்காரு. கைல போன் இருந்திச்சி."

அவர் இறந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. சபைப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் கேட்டார். வேறு யாராவது நன்றாக எழுதுவார்களே என்றேன். "சபையில அவரோட தினமும் பேசினது நீங்க ஒருத்தர்தானேம்மா" என்றார். அது உண்மைதான். தினமும் பேசினோம். பேசியது இரண்டு வாக்கியம், அவ்வளவுதான்.

சபையார் எல்லோருக்கும் அவரைத் தெரியும், ஆனால் அடையாளம்தான் தெரியும். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில், மின்விசிறி இல்லாத இடத்தில் உட்காருவார். ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போய்விடுவார். வீட்டுக் கூட்டங்களில் யாராவது, "அண்ணன் ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றால், "நீங்களே பண்ணுங்கய்யா, நல்லா பண்றீங்க" என்று நழுவிவிடுவார். பாட்டு சுத்தமாக வராது. எல்லோரும் ஒரு சுருதியில் போனால் அவர் தனியாக ஒரு சந்தில் போவார். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் வாலிப வயதிலிருந்து பாய்லர் ஆப்பரேட்டராக இருந்தவர். அந்த ஷாப்பை மூடிய பிறகு ஒரு ஷூ கம்பெனி குடோனில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். நெஞ்சில் புகையும் தோல் தூளும் படிந்து போய், நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். இவ்வளவுதான் நமக்குத் தெரிந்த அருள்தாஸ்.

என் மகன் ஜோயலைப் பற்றியும் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவன் எலக்ட்ரிஷியன். வேலை செய்த தோல் ஷாப்பில் கழிவுத்தண்ணீர்க் குழியில் மோட்டார் நின்றுவிட்டது என்று உள்ளே இறங்கினான். விஷவாயு தாக்கி அப்படியே சரிந்துவிட்டான். தூக்கி வெளியே எடுப்பதற்குள் மூளைக்குக் காற்று போகாமல் நின்றுவிட்டது. இன்றைக்கும் அவனுக்கு மூச்சு இருக்கிறது. கண் திறக்கிறான். குழாய் வழியாக ஊற்றுகிற கஞ்சி உள்ளே போகிறது. ஆனால் எதிரில் நிற்பது அம்மாவா, அடுத்த வீட்டுக்காரியா என்று அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நான் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் வீட்டு வேலை செய்கிறேன். ஊசியும் நூலும் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அவனை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வாரம் நம் சபையில் சங்கிலி ஜெபம் ஆரம்பித்தார்கள். உங்களில் பல பேருக்கு நினைவிருக்கும். நாள் முழுவதையும் அரைமணி அரைமணியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். தன் அரைமணி முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்காமல் விடக்கூடாது என்பது விதி. விடியற்காலை நாலரை மணிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஆண்டவருக்காக உயிரையே கொடுப்பேன் என்று சாட்சி சொன்னவர்கள்கூட அந்தத் தூக்கத்தைக் கொடுக்க யோசித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. "அது நமக்குப் பழகின டைம்தான்" என்றாராம் அருள்தாஸ் அண்ணன். ஐந்து மணிக்கு என் பெயரைப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த நேரமாக இருந்தால் என்ன என்று நானும் சரி என்றேன்.

அந்த முதல் மாதத்தை நான் மறக்க மாட்டேன். ஊரில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் எந்த நேரமும் என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. வராண்டாவில் பாயை விரித்துப் படுத்தால், விழுந்துவிடாமல் யாரோ கீழே கை வைத்துத் தாங்குவது போல இருக்கும். அதற்காக இந்தச் சபைக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது என்னவென்றால், ஆறாத நோயைப் பார்த்து ஜனங்களுக்குச் சலித்துவிடும். முதலில் போன் செய்வதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் வந்தது. பிறகு அந்தப் படமும் நின்றது. ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, ஒருவர் ஊரையே மாற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் கோபம் இருந்தது. ஒரு சகோதரி வீட்டுக்கே வந்து, "குடும்பத்துல மறைவா ஏதாச்சும் பாவம் இருந்தாதான் ஜெபம் தடைப்படும், யோசிச்சிப் பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன், அவரை வீட்டுக்குள் விட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

குடியாத்தத்திலிருந்து ஒரு ஜெபக்குழு வந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் அப்போது. நல்ல மனிதர்கள்தான், கண்ணீரோடுதான் ஜெபித்தார்கள். ஜோயலின் நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். குழுத் தலைவர் என் தலைமேல் கை வைத்து, "ஈஸ்டர் அன்னிக்கு உங்க மகன் எழுந்து உக்காருவான், எழுதி வெச்சுக்கோங்க" என்றார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அண்ணன் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் வாயைத் திறக்காதவர், அன்றைக்குத் திறந்தார்.

"தேதி குடுக்காதீங்கப்பா" என்றார். "தேதி குடுத்தா, அந்தத் தேதிக்கு மறுநாள் இந்தம்மா இன்னா பண்ணும்?"

அவருக்கு விசுவாசம் கம்மி என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் அதை மறுக்கவில்லை. நான்தான் அன்றைக்கு அண்ணன்மேல் எரிச்சல்பட்டேன். தேதி கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன் நான். ஈஸ்டருக்கு ஜோயலுக்குப் புதுச் சட்டை எடுத்தேன். முடி வெட்ட ஆள் கூப்பிட்டேன். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கண்ணைத் திறந்தான், மூடினான். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்தபோது எழுந்திருக்கக்கூடப் பிடிக்காமல் கிடந்தேன். இனிமேல் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஐந்து மணிக்குப் போன் அடித்தது. "என் டைம் முடிஞ்சிச்சிம்மா. நீ ஆரம்பி." நேற்று என்ன ஆனது என்று கேட்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. நான் சொன்னேன் பாருங்கள் என்ற தொனியும் இல்லை. எழுந்து ஜோயலின் புதுச் சட்டையைக் கழற்றிவிட்டு அவனைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.

சங்கிலியில் கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். அவர் எனக்கு ஒப்படைப்பார். ஐந்தரைக்கு நான் ஒப்படைக்க வேண்டியவர் எடுப்பதை நிறுத்தி வெகு நாள் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "அப்ப எனக்கே போன் பண்ணிடு. நாளைக்கு காலைல வரைக்கும் நான் வெச்சிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து அவர் ஐந்து மணிக்கு எனக்குப் போன் செய்வார், நான் ஐந்தரைக்கு அவருக்குச் செய்வேன். "முடிச்சிட்டேண்ணா." "சரிம்மா." ஒரு பொருளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது போல அந்தச் 'சரி'யைச் சொல்வார். இரண்டு பேரை வைத்துக்கொண்டு சங்கிலி என்று சொல்வதே வேடிக்கைதான்.

ஒரு மழை நாளில் நான் உடைந்துபோனேன். ஜோயலுக்கு முதுகில் புண் பெரிதாகிவிட்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். மறுநாள் ஐந்து மணிக்கு அண்ணன் போன் வந்ததும், "நிறுத்துங்கண்ணா, இந்தக் கூத்து எதுக்கு?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். மத்தியானம் டூட்டிக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தார். கையில் நாலு பன். ஜோயலின் கட்டில் ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க நெஜமா சொல்லுங்க" என்று கேட்டேன். "இவன் எழுந்திருப்பான்னு நம்புறீங்களா?"

அவர் ஜோயலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார். "மொதல்ல இருந்திச்சி. இப்ப இல்ல. ரொம்ப நாளாவே இல்ல."

அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் முழுக்க என்னிடம் நம்பு நம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நம்பிக்கை இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் இவர்தான். அவர் எதிரில் நானும் பொய் சொல்லத் தேவையில்லை என்று ஆனது.

"அப்புறம் எதுக்கு விடியக்காலைல எழுந்து உக்காருறீங்க?"

"என் டைம் வருது இல்ல" என்றார், இதென்ன கேள்வி என்பது போல. பிறகு பாய்லரைப் பற்றிச் சொன்னார். பாய்லரில் நெருப்பு எரியும்போது ஆள் இல்லாமல் விடக்கூடாதாம். தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் வெடித்துவிடும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும், அடுத்த ஆள், அதாவது ரிலீவர், வந்து எதிரில் நின்று 'நீ போ' என்று சொன்ன பிறகுதான் போகலாம். "மனசு நல்லா இருக்குதா, ஒடம்பு நல்லா இருக்குதான்னு பாய்லர் கேக்காது. நீ அங்க இருக்கியான்னுதான் பாக்கும்" என்றார். "நான் தோல் ஷாப்புல அத்தினி வருசம் இருந்தேன். ஒரு தோல் முழுசா பதமாகி பளபளன்னு வெளிய வர்றத ஒரு நாள் நின்னு பாத்ததில்ல. அது வேற ஆளு வேலை. நம்ம வேலை தண்ணி மட்டத்தைப் பாக்கறது."

"ரிலீவர் வரலேன்னா?" என்று கேட்டேன்.

"ஒரு தபா வரல. பாலாத்துல வெள்ளம், ரோடு துண்டாயிடிச்சி. பேஜாராய்ட்டுது. அடுத்த ஷிப்ட் ஆளும் வரல, அதுக்கு அடுத்த ஆளும் வரல."

"இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? நின்னேன்."

சொல்லிவிட்டு ஒரு பன்னைப் பிய்த்துத் தானே தின்ன ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு அந்த அறையில் யாரோ சிரித்தது அன்றைக்குத்தான்.

அரைமணி நேரம் என்னதான் ஜெபிப்பீர்கள் என்றும் அன்றைக்குக் கேட்டேன். எனக்கே ஐந்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடும். அவரும் ஒளிக்கவில்லை. எழுந்ததும் முகம் கழுவி, சட்டை போட்டு, பொத்தானை எல்லாம் போட்டுக்கொள்வாராம். "டூட்டிக்கு வெறும் பனியனோட போவாங்களா?" என்றார். வேதத்தில் ஒரு பகுதி வாசிப்பார், அதையும் எழுத்துக் கூட்டி மெதுவாக. "அப்புறம் ஆண்டவரே, ஜோயலுன்னு சொல்லுவேன். அவ்ளோதான். பேரைச் சொல்லிட்டு உக்காந்துக்கினு இருப்பேன். சில நாள் தூங்கிடுவேன். தூங்கினா எழுந்து மறுபடி பேரைச் சொல்லுவேன்." பக்தி என்று நாம் சொல்லிக்கொள்வது எதுவும் அதில் இல்லை. நானும் அப்படித்தான் செய்ய ஆரம்பித்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பெயரைச் சொல்லிவிட்டு உட்காருவேன். அதற்குப் பதில் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. ஆனால் உட்கார்ந்தேன்.

அவருடைய நாட்களும் சுகமாகப் போகவில்லை. குடோன் வாட்ச்மேன் வேலையும் கடைசியில் போய்விட்டது. மழைக்காலத்தில் மூச்சு விடுவதே அவருக்குப் பெரிய வேலையாக இருக்கும். போனில் "என் டைம்" என்று சொல்லிவிட்டு, "முடிஞ்சிச்சிம்மா" வருவதற்குள் நடுவில் நீளமாக இழுக்கும். "லீவ் போடுங்கண்ணா, ஒரு வாரம் படுங்க" என்றால், "ரிலீவர் யாரு, நீ புடிச்சித் தர்றியா?" என்பார். அவர் தனக்காக ஒரு தடவையாவது ஜெபித்தாரா என்று லில்லி அக்காவிடம் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சி இல்லடி. நெஞ்சு வலிக்குதுன்னு டாக்டருகிட்டயே சொல்ல மாட்டாரு" என்றார்.

என் மனதில் ஒரு பயம் உண்டு. அதை அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிறகு ஜோயலை யார் திருப்பிப் படுக்க வைப்பார்கள்? எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. தையல் ஊசியில் நூல் கோர்க்க இப்போதே கண் தடுமாறுகிறது. அவனோ வாலிபன், இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் போன பிறகும் அவன் இருந்தால்? வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால், ஆண்டவர் பார்த்துக்கொள்வார், கவலைப்படாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். அண்ணன் ஜோயலின் போர்வையைச் சரிசெய்தார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். "அதை யோசிச்சா எனக்கும் தூக்கம் வரல." நான் அழுதேன். அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேரமாகிறது என்று எழுந்து போனார். அடுத்த நாள் ஐந்து மணிக்குப் போன் வந்தது.

அடக்க ஆராதனை நாளில் நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கூட்டம் ஜாஸ்திதான். தெருப் பிள்ளைகள் பந்தலில் நாற்காலி போட்டார்கள். எதிர்வீட்டு பாய் தண்ணீர் கேன் வாங்கி வைத்தார். கல்லறையில் மண் போடும்போது பலர் அழுதார்கள். அங்கேயே ஒருவர் எழுந்து நின்று, அண்ணனின் நினைவாகச் சங்கிலி ஜெபத்தை மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் குழு தயாராகிவிட்டது. அண்ணன் படத்துக்கு மாலை போட்டு முகப்பில் வைத்தார்கள். கைகூப்புகிற படங்கள் வந்து குவிந்தன. ஒரு வாரத்தில் யாரோ அதில் வீட்டுமனை விளம்பரம் போட்டார்கள். சங்கிலியில் சேர்வதாகச் சொன்னவர்களில் ஒருவர்கூட எனக்குப் போன் செய்யவில்லை. இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உங்களுக்கும் வேலை இருக்கிறது, கம்பெனி பஸ் வந்துவிடும், பிள்ளைகளுக்குச் சோறு கட்ட வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

லில்லி அக்காவை மகள் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தார். ஜோயலின் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனின் போனை எடுத்து என்னிடம் காட்டினார். "உனக்குப் போட எடுத்தாரா, டைம் பாக்க எடுத்தாரான்னு தெரியலடி. நீதான் அவரை என்னை விட நல்லா தெரிஞ்சவ, நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டார். முடித்துவிட்டுத்தான் எடுத்தார் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அண்ணனைப் பற்றிப் பேசும்போது தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரியலக்கா" என்றேன். அக்கா தலையாட்டினார். அவர் போனதும் அண்ணனின் சட்டை ஒன்று நாற்காலியில் மடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். ஜோயலுக்குப் போடலாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொத்தான்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

அவர் ஷிப்ட் முடிந்ததா, பாதியில் நின்றதா என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப் போவதில்லை. அதனால் இப்போது நாலரை மணிக்கே எழுந்துவிடுகிறேன். முகம் கழுவுகிறேன், நல்ல சேலை கட்டுகிறேன். வேதத்தில் ஒரு பகுதி வாசிக்கிறேன். பிறகு பெயரைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு மசூதியில் பாங்கு சொல்கிறார்கள், போன் அடிப்பதில்லை. என் அரைமணியைத் தொடங்குகிறேன். ஐந்தரைக்கு முடித்துவிட்டு, பழக்கத்தில் போனைக் கையில் எடுத்துவிடுகிறேன். யாருக்குப் போடுவது? கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் ஜோயலைத் திருப்பிப் போடும் நேரம் வந்துவிடும்.

அருள்தாஸ் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது விசுவாசம் இல்லை. அதை அவரே என்னிடம் கொடுத்ததில்லை, தன்னிடமும் இல்லை என்று சொன்னவர். சமாதானமும் இல்லை. அவர் போன பிறகு என் பயம் கூடித்தான் இருக்கிறது. மிஞ்சியது அந்த நாலரை மணியும், பொத்தான் போட்ட ஒரு சட்டையும்தான். காலையில் அந்தச் சட்டையை ஜோயலுக்குப் போட்டுவிடுகிறேன், தோளில் சற்றுத் தொளதொளவென்று இருக்கிறது. சங்கிலியில் எனக்கு அடுத்து யார், எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாரும் வந்து எதிரில் நின்று 'நீ போ' என்று சொல்லவில்லை.

இன்னா பண்றதுண்ணா? நிக்கிறேன்.